பக்கத்து ஊரில் இருந்தார்

காருகுறிச்சி அருணாசலம் காலமானது 1964 ஏப்ரலில். நான் பிறந்தது அதற்குச் சில வருஷம் கழித்து. பிறப்பதற்கு முன்பே போய்விட்ட ஒருவரை நேரில் கேட்கவில்லையே என்று வருத்தப்படுவதில் என்ன அர்த்தம் என்று என் வீட்டிலேயே கேட்டிருக்கிறார்கள். செங்கோட்டை கிட்டப்பாவையும்தானே நீ கேட்கவில்லை, அதற்கு வருத்தப்படுகிறாயா என்றால், இல்லைதான். கிட்டப்பா 1933-இல் போனவர். என் தாத்தா காலத்து மனிதர். காருகுறிச்சி அப்படி இல்லை. என் மாமா அவரைக் கேட்டிருக்கிறார். என் தெருவில் குடியிருந்தவர்கள் கேட்டிருக்கிறார்கள். அவர் குடியிருந்ததும் தஞ்சாவூர்ப் பக்கம் இல்லை, கோவில்பட்டியில். சங்கரன்கோவிலில் பஸ் ஏறிக் கழுகுமலை வழியாகப் போனால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். இவ்வளவு பக்கத்தில் இருந்து, இவ்வளவு கொஞ்ச காலத்தில் தவறிப்போனதுதான் மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

அவர் நாதஸ்வரம் என் காதில் முதலில் விழுந்தது மைக்செட் குழாய் வழியாக. எங்கள் ஊரில் கல்யாணம், சடங்கு, கோயில் கொடை எதுவானாலும் விடியற்காலையிலேயே வேப்பமரத்தில் குழாய் கட்டிவிடுவார்கள். பக்திப் பாட்டு இரண்டு ஓடும். பிறகு கட்டாயம் 'சிங்கார வேலனே தேவா' வரும். 1962 பொங்கலுக்கு வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்துப் பாட்டு அது. கு.மா. பாலசுப்பிரமணியம் எழுதியது, எஸ்.எம். சுப்பையா நாயுடு இசை, எஸ். ஜானகி குரல், காருகுறிச்சியின் நாதஸ்வரம். ஆபேரி ராகம். ஊசி தேய்ந்த தட்டு, துருப்பிடித்த குழாய், இரண்டு தெரு தாண்டி வரும் காற்று எல்லாவற்றையும் மீறி அந்த ஓசை பாயில் படுத்துக் கிடக்கிற பையனை வந்து எழுப்பிவிடும். குரல் ஒரு பிடியைப் பாடி நிறுத்தும். நாதஸ்வரம் அதையே வாங்கி, குழைத்து, இன்னும் கொஞ்சம் சேர்த்துத் திருப்பித் தரும். மனிதக் குரல் முந்துகிறதா, மரக்குழல் முந்துகிறதா என்று கண்டுபிடிக்க முடியாமல் ஒரு இடத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும். ஜானகி அம்மாவுக்கு அது எவ்வளவு பெரிய சவால் என்பதெல்லாம் பிற்பாடு புரிந்தது. அன்றைக்குப் புரிந்தது ஒன்றுதான். வாசிக்கிறவர் யாரோ, அவருக்கு மூச்சு முட்டவே இல்லை.

அந்தப் பாட்டு அவருக்குச் செய்த நன்மை பெரிது. இசை கேட்கும் பழக்கமே இல்லாத வீடுகளுக்குள்ளும் அவர் பெயரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஆனால் அந்த ஒரு பாட்டே அவரை மறைத்தும் விட்டது என்று எனக்குத் தோன்றும். காருகுறிச்சி என்றதும் இன்றும் 'ஆமாமா, சிங்கார வேலனே' என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறவர்கள்தான் அதிகம். அந்தப் பாட்டில் அவர் வாசித்தது சில நிமிஷம். அவர் வாழ்ந்ததோ ராத்திரி பூராவும் வாசிக்கிற வாழ்க்கை.

அந்த வாழ்க்கையின் ஒரு நுனி எனக்குக் கிடைத்தது கல்லூரி நாட்களில், நண்பர் ஒருவர் பதிந்து கொடுத்த கேசட்டில். எந்த ஊர்க் கச்சேரி, எந்த வருஷம் என்று அட்டையில் ஒன்றும் இல்லை. பால்பாயின்ட் பேனாவால் 'காருகுறிச்சி – ராகம்' என்று மட்டும் எழுதியிருந்தது. பாட்டு வரும் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. சண்முகப்பிரியாவை எடுத்துக்கொண்டு அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். அவசரமே இல்லை. ஒரு ஸ்வரத்தில் போய் நிற்பார். நின்றது நின்றபடி இருக்கும். இதோ இறங்கப் போகிறார் என்று நினைக்கையில் அதன் விளிம்பிலிருந்து பொடிப்பொடியாய்ப் பிருகாக்கள் கிளம்பும். ஒவ்வொன்றும் தனித்தனியாகக் காதில் விழும், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டும் இருக்கும். நடுவில் கூட்டத்திலிருந்து யாரோ ஒருவர் 'ஆஹா' என்று சொல்வது பதிவாகியிருக்கிறது. கொஞ்சம் கழித்து ஒரு குழந்தை அழுகிறது. தாய் அதட்டுகிறாள். நாதஸ்வரம் நிற்காமல் போகிறது. கேசட்டின் முதல் பக்கம் தீர்ந்து 'டக்' என்று பொத்தான் எழும்பியது. ராகம் தீரவில்லை. திருப்பிப் போட்டால் மறுபக்கத்தில் வேறு ஏதோ கச்சேரி.

என் ஏக்கம் அந்த 'டக்'கில்தான் தொடங்கியது என்று நினைக்கிறேன். அந்தக் குழந்தை இருந்த இடத்தில் நான் இல்லையே என்று இருந்தது.

அவருடைய ஊர் காருகுறிச்சி, தாமிரபரணிப் பாசனம், சேரன்மகாதேவிக்குப் பக்கம். 1921-இல் பிறந்தார். அதே வருஷம் செப்டம்பரில் எட்டயபுரத்து பாரதி சென்னையில் மறைந்தார். இரண்டுக்கும் தொடர்பு ஒன்றும் இல்லை. எங்கள் பக்கத்துக்காரனுக்கு இதெல்லாம் மனசில் ஒட்டிக்கொள்ளும். சிறு வயதிலேயே நாதஸ்வரம் கையில் வந்துவிட்டது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை திருநெல்வேலிச் சீமைக்கு ஒரு கச்சேரிக்கு வந்திருந்தபோது கூட வாசிக்க ஆள் இல்லாமல் போக, இந்தப் பையனைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள் என்றும், வாசிப்பைக் கேட்டுவிட்டு 'பையனை என்னோடு அனுப்பிவையுங்கள்' என்று ராஜரத்தினம் பிள்ளையே கேட்டு அழைத்துப் போனார் என்றும் சொல்வார்கள். தாமிரபரணிப் பையன் காவிரிக்கரைக்குப் போய்க் குருவின் வீட்டில் இருந்து கற்றான்.

ராஜரத்தினம் பிள்ளை யார் என்று நாதஸ்வரம் கேட்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1947 ஆகஸ்டில் சுதந்திரம் வந்த இரவில் தில்லியில் ஒலித்தது அவருடைய நாதஸ்வரம்தான். வாத்தியத்தையே மாற்றியவரும் அவர். அதுவரை புழங்கியது திமிரி. குட்டையானது, நாலு, நாலரைக் கட்டையில் உச்சிக்குப் பாயும். அவர் நீளமான பாரி நாதஸ்வரத்துக்கு வந்தார். சுருதி இரண்டு, இரண்டரைக் கட்டைக்கு இறங்கியது. அதில் சுத்த மத்தியமம் சரியாகப் பேசாமல் இருந்த குறையை நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆச்சாரியார் பலவாறு செய்து பார்த்துத் தீர்த்துக் கொடுத்தார். ஆச்சா மரத்தைக் கடைந்து செய்கிற அந்தக் குழலில் துளை எங்கே விழ வேண்டும் என்பது நூலிழை விஷயம். பாரி வந்த பிறகுதான் நாதஸ்வரத்துக்குக் குரலின் குழைவு வந்தது. அந்தக் குழைவை எடுத்துக்கொண்டு கரிசல் காட்டுக்கு வந்து சேர்ந்தவர் காருகுறிச்சி.

ஏன் கோவில்பட்டிக்கு வந்தார்? ரயில் உண்டு, எந்தத் திசைக்கும் கச்சேரிக்குப் போய் வர வசதி உண்டு. அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அந்த வட்டாரத்தில் அப்போது சங்கீதம் கேட்கிற காது இருந்தது. விளாத்திகுளம் சுவாமிகள் என்ற நல்லப்ப சுவாமிகள் இருந்தார். கீர்த்தனையைப் பெரிதாக எண்ணாமல் ராகத்தையே மணிக்கணக்கில் பாடியவர். கரகரப்பிரியாவைத் தொட்டால் எப்போது விடுவார் என்று அவருக்கே தெரியாதாம். காருகுறிச்சிக்கு அவரிடம் அளவில்லாத பக்தி. இடைசெவல்காரர்கள் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும். எழுத்துக்கு வருவதற்கு முன்பே சங்கீதப் பைத்தியம் பிடித்தவர்கள் இரண்டு பேரும். கழுகுமலை முருகன் மீது அண்ணாமலை ரெட்டியார் பாடிய காவடிச்சிந்தைப் பதிப்பித்தவர் அழகிரிசாமிதான். அந்த ரெட்டியார் எங்கள் சங்கரன்கோவிலுக்கு அடுத்த சென்னிகுளத்துக்காரர். முப்பது வயதுக்குள்ளேயே போய்விட்டவர். சென்னிகுளம், கழுகுமலை, இடைசெவல், கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் என்று ஒரே வெயிலில் கிடக்கிற ஊர்கள். மழை பொய்த்தால் கம்பும் சோளமும் கூட வராத பூமி. இந்த வறட்டுக் காட்டில் இவ்வளவு சங்கீதம் எப்படி ஊறியது என்று யோசித்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. அதோடு வயிற்றெரிச்சலும் உண்டு. அந்த ஊற்று ஓடியபோது நான் இல்லை.

கழுகுமலை அடிவாரத்தில், வெட்டுவான் கோயில் பாறை இன்னும் சூடு இறங்காத சாயங்கால வேளையில், காவடிச்சிந்தின் ஒரு மெட்டை எடுத்து அவர் வாசிக்கக் கேட்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. நிறைவேறாது என்று தெரிந்த ஆசை. அதனால் அது குறையவில்லை.

மாமா கதைக்கு வருகிறேன். அம்மாவின் தம்பி. பருத்திக் கமிஷன் கடையில் கணக்கு எழுதியவர். சங்கீதம் படித்தவர் இல்லை. ராகத்தின் பெயர் ஒன்றிரண்டுக்கு மேல் தெரியாது. இளவட்டமாக இருந்தபோது சேக்காளிகளோடு சைக்கிளில் போய், கரிசல் கிராமம் ஒன்றில் பெரிய வீட்டுக் கல்யாணத்தில் காருகுறிச்சியைக் கேட்டிருக்கிறார். நான் எத்தனை முறை கேட்டாலும் சலிக்காமல் சொல்வார்.

"மருமகனே, காருகுறிச்சி வாசிப்பக் கேக்கணும்னா ராச்சாப்பாட்ட முடிச்சிட்டுக் கிளம்பணும். விடியக்காலம்தான் வீடு. நடுவுல எந்திரிச்சு வர முடியாதுலே. அவுக விடமாட்டாவ."

"விடமாட்டாவன்னா?"

"அப்படித்தான். இந்தா முடிச்சிருவாவ, முடிச்சதும் எந்திரிப்போம்னு இருப்போம். முடிக்கிற மாதிரி வந்து இன்னொண்ணத் தொட்டிருவாவ. பந்தலுக்குள்ள இருந்தவன் மட்டுமா கேட்டான்? கமலைக் கிணத்தடியில துண்ட விரிச்சுக் கிடந்தவனும் கேட்டாம்லா. அந்தா அந்தப் பனைமரம் வரைக்கும் ஆளு."

"என்ன ராகம் மாமா?"

"ராகம் எனக்கு என்ன தெரியும்? எங்க அய்யா செத்து அப்பம் ரெண்டு மாசம்தான் ஆயிருந்துச்சு. அவுக வாசிக்கையில எனக்கு அய்யா ஞாபகமா வந்துக்கிட்டே இருந்துச்சு. ஆனா அழுகை வரல. அதுதான் ராகம்."

இதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியாது. எனக்கும் கேட்கத் தெரியாது. இசைத்தட்டில் இருக்கிற கரகரப்பிரியாவையும் சுத்த தன்யாசியையும் நான் பல வருஷமாகக் கேட்டு வருகிறேன். எந்தப் பிடி எங்கே வரும் என்று மனப்பாடம். ஆனாலும் மாமா ஒரே ராத்திரியில் வாங்கி வந்ததை நான் இன்னும் வாங்கவில்லை. அவருக்கு ராகத்தின் பெயர் தெரியாது. அவரிடம் அந்த ராத்திரி இருந்தது. என்னிடம் பெயர்கள் இருக்கின்றன.

இசைத்தட்டைக் குறை சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் எனக்கு அவர் பெயர்கூடத் தெரிந்திராது. அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் பட்டி போல்டன் என்று ஒரு காற்று வாத்தியக்காரர் இருந்தார். ஜாஸ் இசை அவரிடமிருந்துதான் கிளம்பியது என்று பலரும் சொல்கிறார்கள். அவரும் திறந்த வெளியில் வாசித்தவர். அவர் ஊதினால் வெகுதூரம் கேட்கும் என்று நேரில் கேட்டவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். அவருடைய வாசிப்பில் ஒரு நொடிகூட இன்று பதிவாக இல்லை. அந்த ஊர்க்காரனின் ஏக்கத்தோடு வைத்துப் பார்த்தால் நான் கொடுத்து வைத்தவன்.

ஆனால் நாதஸ்வரத்தை இசைத்தட்டில் அடைப்பது பெரிய கொடுமை. பழைய 78 தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்றரை நிமிஷம். எல்.பி. வந்த பிறகு இருபது நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே. அதற்குள் ஆலாபனை, கீர்த்தனை, ஸ்வரம் எல்லாம் வந்தாக வேண்டும். வீணையோ வயலினோ இதைத் தாங்கும். அறைக்குள் உட்கார்ந்து கேட்கிற வாத்தியம். நாதஸ்வரம் வானத்தைப் பார்த்துச் செய்த வாத்தியம். மைக் இல்லாத காலத்தில் தேரோடும் வீதி முழுக்கக் கேட்க வேண்டும் என்று செய்தது. அதை ஒரு அறைக்குள் நிறுத்தி, சற்றுத் தள்ளி நின்று வாசியுங்கள் என்று சொல்லிப் பதிந்தால், வீதி அத்தனையும் வெளியே நின்றுவிடும்.

இது எனக்கு உறைத்தது ஷேக் சின்ன மௌலானாவை நேரில் கேட்டபோது. ஆந்திரத்தில் கரவதியில் பிறந்து, ராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்பில் மயங்கி, ஸ்ரீரங்கத்துக்கே வந்து குடியேறியவர் அவர். கச்சேரி தொடங்குவதற்கு முன்பே போய் மேடைக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். சின்ன டப்பாவிலிருந்து சீவாளியை எடுத்தார். வாயில் வைத்து ஈரப்படுத்தினார். தந்தக் குச்சியை அதன் வாய்க்குள் விட்டு லேசாக நெம்பினார். திரும்ப உதட்டில் வைத்து ஒரு ஊது. திருப்தி இல்லை. அதை நூலோடு தொங்கவிட்டுவிட்டு வேறொன்றை எடுத்தார். கொருக்கைத் தட்டையைச் சீவிச் செய்த விரல் நுனி அளவு பொருள். அதில்தான் முழு உயிரும் இருக்கிறது. பிறகு வாத்தியத்தைத் தூக்கி முதல் ஸ்வரத்தைப் பிடித்தார். சட்டைக்குள் நெஞ்செலும்பு அதிர்ந்தது. காது கேட்பது அப்புறம்தான். தவில் சேர்ந்தபோது காலுக்குக் கீழே பலகை பேசியது. இந்த அதிர்வு எந்தத் தட்டிலும் இல்லை, எந்தக் கேசட்டிலும் இல்லை, இன்று கைபேசியில் காதுக்குள் செருகிக் கேட்பதிலும் இல்லை. அன்று முழுக்க மௌலானா சாகேபின் வாசிப்பில் கரைந்து போயிருந்தேன் என்பது உண்மை. அதற்கு நடுவிலேயே, காருகுறிச்சி முன்னால் நின்றிருந்தால் இந்த எலும்பு என்ன பாடு பட்டிருக்கும் என்ற நினைப்பு வந்து போனதும் உண்மை. அந்தப் பெரியவருக்கு அது மரியாதை ஆகாது. ஆனாலும் வந்தது.

நான் எங்கே கேட்டிருக்க வேண்டும் என்பதில்கூட எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. சபா மேடையில் இல்லை. கோமதி அம்மன் சன்னதியைச் சுற்றி வருகிற எங்கள் ரத வீதியில்.

ஆடித் தபசு பார்த்தவர்களுக்குத் தெரியும். கொடி ஏறியதும் நேர்ந்துகொண்டவர்கள் கோயிலைச் சுற்றத் தொடங்கிவிடுவார்கள். ஆடிச் சுற்று என்று பெயர். தபசு அன்றைக்கு அரியும் சிவனும் ஒன்று என்று காட்டக் கேட்டு அம்மன் தபசு மண்டபத்தில் நிற்பாள். சாயங்காலம் சுவாமி சங்கரநாராயணராகக் காட்சி கொடுப்பார். இரவில் சங்கரலிங்கமாக மறுபடி ஒரு காட்சி. சுற்றுப்பட்டிச் சம்சாரிகள் தங்கள் காட்டில் விளைந்த பருத்தியையும் வத்தலையும் நெல்லையும் சூறை விடுவார்கள். தலைக்கு மேலே வெள்ளைப் பஞ்சு பறக்கும். கண்ணில் வத்தல் நெடி ஏறும். கூட்டத்தில் கால் தரையில் படாது. காட்சி முடிந்து ஜனம் கலையத் தொடங்கும்போது, பின்னிரவில், வீதி கொஞ்சம் கொஞ்சமாக அகலமாகிக்கொண்டே வரும். அந்த நேரத்துக்கென்றே ஆனது நாதஸ்வரம். பழைய வழக்கத்தில் மல்லாரியோடு சுவாமி புறப்படுவார். வீதி முனையில் நிறுத்துவார்கள். அங்கே ராகம் எடுப்பார்கள். வாசிக்கிறவர் முடிக்கும்வரை சுவாமியும் நகரமாட்டார். மூலைக்கு மூலை ஒரு ராகம். அடுத்த மூலைக்கு வந்து சேரும்போது வானம் வெளுத்திருக்கும்.

அப்படிப்பட்ட ஒரு தெற்கு ரத வீதி ராத்திரியில், வீட்டுத் திண்ணையில் சாய்ந்து, மூலை திரும்பி வருகிற காருகுறிச்சியின் வாசிப்பை முதலில் தூரத்திலும், பிறகு பக்கத்திலும், பிறகு மறுபடி தூரத்திலும் கேட்க வேண்டும். நான் விரும்பியது இவ்வளவுதான். தூரத்திலிருந்து பக்கத்துக்கு வந்து மறுபடி தூரமாகப் போவதுதான் வீதி நாதஸ்வரத்தின் அழகு. பதிவில் அவர் எப்போதும் ஒரே தூரத்தில்தான் நிற்கிறார்.

இன்னொரு கணக்கும் என்னை வருத்தும். ராஜரத்தினம் பிள்ளை மறைந்தது 1956 டிசம்பரில். குருவின் நிழலிலிருந்து வெளியே வந்து, நாதஸ்வரம் என்றால் இனி காருகுறிச்சிதான் என்று நாடு சொன்ன காலம் அதற்குப் பின் ஏழு வருஷத்துக்குக் கொஞ்சம் மேலே. அவ்வளவுதான். திருநெல்வேலி வானொலி நிலையம் 1963 கடைசியில் வந்தது. தன் மண்ணிலேயே ஒரு நிலையம் வந்தபோது அவருக்கு மிச்சம் இருந்தது சில மாதங்கள். போகும்போது 43 வயதுகூட நிறையவில்லை. ஷெனாய் மேதை பிஸ்மில்லா கான் 90 வயது வரை இருந்தார். நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் 2001 வரை இருந்தார். காருகுறிச்சிக்கும் எழுபது வயது வாய்த்திருந்தால் 1991 வரை இருந்திருப்பார். தொண்ணூறுகளில் நான் நல்ல வாலிபன். கோவில்பட்டிக்குப் பஸ் ஏறிப் போய் வீட்டு வாசலிலேயே நின்றிருப்பேன். வாசிக்க வேண்டாம், சும்மா சாதகம் செய்தால் போதும், திண்ணையில் ஓரமாக உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போகிறேன் என்று சொல்லியிருப்பேன்.

இப்போது எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் செண்டை மேளம் வந்துவிட்டது. செண்டை நல்ல வாத்தியம். அதன் ஊரில், அதன் உற்சவத்தில் கேட்டால் ரத்தம் துள்ளும். ஆனால் தாலி கட்டுகிற வேளையில் அது நாதஸ்வரத்தின் இடத்தில் நிற்பதைப் பார்க்க எனக்கு மனசு ஒப்பவில்லை. பல கோயில்களில் பூஜை நேரத்துக்கு ஸ்விட்சைப் போட்டால் முரசும் மணியும் அடிக்கிற இயந்திரம் வந்தாயிற்று. நாதஸ்வரம் பிழைத்திருக்கிற இடங்களிலும், ராகத்துக்கு ஐந்து நிமிஷம் கொடுக்க ஆளில்லை. 'சீக்கிரம் ஒரு பாட்டைப் போடுங்க' என்று வீடியோக்காரர் அவசரப்படுத்துகிறார். இளம் வித்வான்கள் நன்றாகப் படித்து வருகிறார்கள். நான் கேட்ட சிலருக்குக் காருகுறிச்சியின் பிடிகள் அப்படியே விரலில் இருக்கின்றன. அவர்களுக்கு இல்லாதது அந்த ராத்திரி. கமலைக் கிணற்றடியில் துண்டை விரித்துக் கிடந்து விடியும்வரை கேட்ட என் மாமாக்களும் இல்லை. அப்படி ஒரு கூட்டம் எதிரே இருந்தால் இவர்களும் எங்கேயோ போவார்கள் என்று நிச்சயமாக நம்புகிறேன்.

அதனால்தான் இப்போதெல்லாம் வித்வான்களைத் தேடுவதைவிடக் கேட்டவர்களைத் தேடுகிறேன். 1960-இல் பதினைந்து வயதுப் பையனாக அவரைக் கேட்டவருக்கு இன்று எண்பதைத் தாண்டியிருக்கும். இன்னும் கொஞ்ச வருஷத்தில் அவரை நேரில் கேட்ட காதுகளே இந்த மண்ணில் இல்லாமல் போகும். மாமாவும் போய்விட்டார். எந்த ஊருக்கு எந்தக் காரியமாகப் போனாலும் சாவடியிலோ டீக்கடை பெஞ்சிலோ வயசாளி யாராவது இருந்தால் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். 'அய்யா, காருகுறிச்சி வாசிப்பக் கேட்டிருக்கீகளா?' பலரும் 'சிங்கார வேலனே' என்றுதான் தொடங்குவார்கள். பரவாயில்லை, அங்கிருந்தே பேச்சை இழுக்கலாம்.

போன பங்குனியில் கழுகுமலைப் பக்கம் ஒரு துஷ்டி வீட்டுக்குப் போன இடத்தில் ஒரு பெரியவர் கிடைத்தார். சின்ன வயதில் காஸ் லைட் தூக்கினவர். சாமி ஊர்வலத்தில், மாப்பிள்ளை அழைப்பில், தலையில் துணிச் சும்மாடு வைத்து அதன்மேல் லைட்டை ஏற்றி நாதஸ்வரக்காரருக்குப் பக்கத்திலேயே நடப்பது அவர் வேலை. அதாவது காருகுறிச்சிக்கு ஒரு கை தூரத்தில் ராத்திரி முழுக்க நின்றவர். எனக்குக் கை நடுங்கியது.

"அவுக மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டே இருப்பேன்யா. என் லைட்டு வெளிச்சந்தான் அவுக மூஞ்சியில விழும். கண்ண மூடிக்கிட்டு வாசிப்பாவ. நான் அசந்து தலையச் சாச்சா வெளிச்சம் அசையும்லா, டக்குனு கண்ணத் தொறந்து பாப்பாவ. வையமாட்டாவ. சிரிப்பாவ. வாசிச்சுக்கிட்டேதான் சிரிப்பாவ, கண்ணால. ஒருக்க வாசிச்சு முடிச்சதும், 'தம்பிக்குக் கழுத்து வலிக்கும்ல, இறக்கி வைக்கச் சொல்லுங்க, பால் வாங்கிக் குடுங்க'ன்னாவ. அன்னைக்குத்தான் நான் மொதத் தடவ ஏலக்காய் போட்ட பால் குடிச்சேன்."

என்ன வாசித்தார் என்று கேட்டேன். பெரியவருக்கு நினைவில்லை. வாய்க்குள்ளேயே ஏதோ முனகிப் பார்த்தார். பிடிபடவில்லை. "ஜால்ரா போட்ட பய ஒருத்தன் உண்டு, என் சோடிதான். அவனுக்குத் தெரியும். எல்லாம் வாயால பாடுவான். குருவிகுளத்துக்குக் கிழக்க மக வீட்டுல இருக்கான்னு கேள்வி. காது கொஞ்சம் மந்தம், சத்தமாக் கேக்கணும்" என்றார்.

ஊர்ப் பெயரைக் குறித்துக்கொண்டேன். வைகாசிக்குள் போய்விட வேண்டும்.